மூவிங் வயலேஷன் என்பது எந்தெந்தத் தப்பு? நம்ம ஊர் இ-சலானில் அந்தக் கணக்கு உண்டா?

#1 · பாளை பெருமாள்புரம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் அடுத்தடுத்து ரெண்டு டிராஃபிக் கேஸ். ஒன்று அமெரிக்காவில், இன்னொன்று வண்ணாரப்பேட்டையில்.

மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். ஸ்டாப் போர்டு உள்ள ஒரு முக்கில் வண்டியை முழுக்க நிறுத்தாமல், உருட்டியபடியே வலது பக்கம் திரும்பியிருக்கிறான். பின்னாலேயே வந்த போலீஸ் டிக்கெட் எழுதிக் கொடுத்துவிட்டது. "இது மூவிங் வயலேஷன்ப்பா. ஃபைன் கட்டிரலாம், ஆனா லைசென்ஸ்ல பாயின்ட் ஏறும், இன்சூரன்ஸும் கூடிரும்" என்கிறான். கொஞ்ச நாள் முன்னால் பார்க்கிங் டிக்கெட் வாங்கியபோது இப்படி ஒரு கவலையும் அவனுக்கு இருக்கவில்லை.

இங்கே தங்கச்சி மகன் என் பைக்கை எடுத்துக்கொண்டு ஹெல்மெட் போடாமல் போய், 1,000 ரூபாய்க்கு இ-சலான். வண்டி என் பெயரில் இருப்பதால் மெசேஜ் என் போனுக்கு வந்தது. "கட்டிட்டா முடிஞ்சுபோச்சு மாமா" என்கிறான் மருமகன். பக்கத்து வீட்டு சார், "லைசென்ஸை மூணு மாசம் முடக்கிருவாங்க, பார்த்துக்கோங்க" என்கிறார்.

அமெரிக்காவில் எதையெல்லாம் மூவிங் வயலேஷன் கணக்கில் சேர்க்கிறார்கள்? நம்ம சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

#2 · அம்பை – எடிசன்

அண்ணாச்சி, எனக்கு அம்பாசமுத்திரம். இப்போது எடிசனில் குடியிருக்கிறேன், உங்கள் மகன் இருக்கிற அதே மாநிலம்தான்.

வண்டி ஓடும்போது ஓட்டுகிறவர் ரோட்டு விதியை மீறினால் அது மூவிங் வயலேஷன். அதிவேகம், சிவப்பு விளக்கு, ஸ்டாப் போர்டு, முன்னால் போகிற வண்டியை ஒட்டிப் போவது, தப்பான ஓவர்டேக், வழிவிட வேண்டியவருக்கு வழிவிடாதது எல்லாம் இதில் வரும். வண்டியை நிறுத்திய இடம் தப்பு, பதிவு காலாவதி, இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டிக்கர் பழசு, கையில் பேப்பர் இல்லை என்பதெல்லாம் வேறு கணக்கு. அதற்குக் காசோடு போகும், பாயின்ட் ஏறாது.

நியூஜெர்சி பாயின்ட் சிலது சொல்கிறேன். ஸ்டாப் போர்டில் நிற்காததற்கு 2. சிவப்பு விளக்கைத் தாண்டினால் 2. வேகம், வரம்புக்கு மேலே 14 மைல் வரை 2, 15 முதல் 29 வரை 4, 30-ஐத் தொட்டால் 5. தப்பாக ஓவர்டேக் செய்தால் 4. முன் வண்டியை ஒட்டிப் போனால் 5. பிள்ளைகளை ஏற்றி இறக்க விளக்குப் போட்டு நிற்கிற பள்ளி பஸ்ஸைத் தாண்டினாலும் 5. ஆளுக்குக் காயம்பட்ட விபத்தில் நிற்காமல் ஓடினால் 8.

12 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் நிறுத்தம். அதற்கு முன்னாலேயே, மூன்று வருடத்துக்குள் 6 சேர்ந்துவிட்டால் மாநிலத்துக்குத் தனியாக 150 டாலர் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் 25 டாலர். ஒரு வருடம் எந்தத் தப்பும் இல்லாமல் ஓட்டினால் 3 பாயின்ட் கழியும். டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்புக்குப் போனால் 2 குறையும், அது ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். பக்கத்து மாநிலத்தில் போய் மாட்டினாலும் தப்ப முடியாது. வெளி மாநில மூவிங் வயலேஷனுக்கு இங்கே 2 பாயின்ட் போடுவார்கள்.

சக்கரம் சுற்றுகிறதா இல்லையா என்பதை வைத்துக் கணக்குப் போட முடியாது, அதையும் தம்பியிடம் சொல்லுங்கள். பிரேக் லைட் எரியாத வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் பிடிப்பார்கள், ஆனாலும் பாயின்ட் கிடையாது. சீட் பெல்ட் போடாததற்கு 46 டாலர், பாயின்ட் இல்லை. கையில் போன் வைத்து ஓட்டினால் முதல் தடவை 200 டாலரிலிருந்து 400 டாலர் வரை போகும், ஆனால் பாயின்ட் மூன்றாவது தடவை மாட்டும்போதுதான் ஏறும். குடித்துவிட்டு ஓட்டியதற்கும் நியூஜெர்சியில் பாயின்ட் இல்லை! அது லேசான குற்றம் என்பதால் இல்லை. அதற்குக் கோர்ட்டும் தண்டனையும் தனி. மூன்று வருடத்துக்கு வருடம் 1,000 டாலர் சர்சார்ஜும் உண்டு.

#3 · டல்லாஸ் களக்காட்டான்

டெக்சாஸில் இப்போது பாயின்ட் என்ற பேச்சே இல்லை. இருந்த பாயின்ட் திட்டத்தை 2019 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆனால் 12 மாதத்தில் நாலு மூவிங் வயலேஷன், அல்லது 24 மாதத்தில் ஏழு என்று சேர்ந்தால் லைசென்ஸ் போகும். எது மூவிங் வயலேஷன், எது இல்லை என்று மாநில அரசே நீளமான பட்டியல் வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் வேறு மாதிரி: சாதாரணத் தப்புக்கு ஒரு பாயின்ட், குடித்து ஓட்டினால் ரெண்டு. அதனால் அமெரிக்காவில் இப்படி என்று பொதுவாகச் சொல்லவே முடியாது. எந்த மாநில லைசென்ஸ் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

#4 · கே.டி.சி. நகர் டிரைவிங் ஸ்கூல்

அண்ணாச்சி, நம்ம ஊர்க் கணக்கை நான் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு கியர் போடச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

நம்ம சட்டத்தில் பாயின்ட் கிடையாது. மூவிங் வயலேஷன் என்ற தலைப்பும் கிடையாது. ஆனால் லைசென்ஸைத் தொடுகிற தப்பு, தொடாத தப்பு என்ற பிரிவு இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்களே, அதில் 206-வது பிரிவில் நாலாவது உட்பிரிவு ஒன்று சேர்ந்தது. குறிப்பிட்ட சில குற்றங்களைச் செய்ததாக நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் லைசென்ஸைக் கையில் வாங்கி, ஆர்டிஓவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. எந்தக் குற்றங்கள் என்று அதிலேயே எண் போட்டிருக்கிறார்கள்:

183 – அதிவேகம்.
184 – ஆபத்தாக ஓட்டுவது.
185 – குடித்துவிட்டு ஓட்டுவது.
189 – ரேஸ் விடுவது.
190 – கோளாறான வண்டி, சத்தம், புகை.
194சி – பைக்கில் மூணு பேர்.
194டி – ஹெல்மெட்.
194இ – ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கு வழிவிடாதது.

184-ஐ நிறையப் பேர் ஏதோ சினிமாவில் வருகிற மாதிரி தாறுமாறாக ஓட்டுவது என்று நினைக்கிறார்கள். அதன் விளக்கத்தைப் படித்தால் நம்ம தினசரி வாழ்க்கை முழுக்க அதில் இருக்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டுவது, ஸ்டாப் குறியை மதிக்காதது, ஓட்டும்போது கையில் போன், விதிக்கு மாறான ஓவர்டேக், போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் வருவது. முருகன்குறிச்சி சிக்னலில் பத்து நிமிஷம் நின்று பார்த்தால் அத்தனையும் கண்ணில் படும். இதற்குச் சட்டத்தில் உள்ள தண்டனை, முதல் தடவையே ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் ரெண்டு வருடம் வரை, அபராதம் 10,000.

நோ பார்க்கிங் இந்தப் பட்டியலில் இல்லை. இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு 196-ல் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ வரலாம். அதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்கள் பக்கத்து வீட்டு சார் சொன்னது சட்டப்படி சரி. 194டி-யிலேயே 1,000 ரூபாயும், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் என்று சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. நம்ம மாநிலத்தில் 2022 அக்டோபரில் புது அபராதம் வந்தபோது 1,000 ரூபாய் மட்டும் எல்லோர் மனதிலும் நின்றது. மூன்று மாதம் யார் மனதிலும் ஏறவில்லை.

சலான் வந்தால் ரூபாயைப் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். எந்தப் பிரிவு என்று பாருங்கள். 500 ரூபாய்க்கு 177 என்று, அதாவது மேலே உள்ள பட்டியலில் இல்லாத பொதுப் பிரிவு என்று இருந்தால் அது ஒரு கதை. 184 என்று இருந்தால் வேறு கதை.

#5 · தாழையூத்து லாரி

டிரைவிங் ஸ்கூல் அண்ணாச்சி போட்ட பட்டியலில் சீட் பெல்ட் இல்லையே, கவனித்தீர்களா? 194பி-யில் 1,000 ரூபாய், அதோடு சரி. ஹெல்மெட் போடாதவன் லைசென்ஸ் மூன்று மாதம் போகிறது. பெல்ட் போடாமல் காரில் போகிறவனுக்கு அது இல்லை. ரெண்டு பேரும் தன் உயிரைத்தானே பணயம் வைக்கிறார்கள்? பைக்கில் போகிறவன் கூலி வேலைக்குப் போகிறவன். காரில் போகிறவனுக்கு ஏன் இந்தச் சலுகை? இது எனக்கு நியாயமாகவே படவில்லை.

#6 · மேலப்பாளையம் – துபாய்

அமீரகத்தில் சீட் பெல்ட்டுக்கு 400 திர்ஹம், அதோடு 4 கருப்புப் புள்ளி. சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1,000 திர்ஹம், 12 புள்ளி, வண்டி 30 நாள் உள்ளே. 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். அதாவது ரெண்டே ரெண்டு சிவப்பு விளக்கு. இங்கே டிரைவர் வேலைக்கு வந்த நம்ம பையன்களுக்கு லைசென்ஸ் போனால் விசா இருந்தும் வேலை இல்லை. அந்தப் பயத்திலேயே மஞ்சள் விழுந்ததும் பிரேக்கில் கால் போய்விடும். அதே பையன்கள் லீவில் ஊருக்கு வந்தால் ஒருவழிப் பாதையில் எதிரே வருகிறார்கள். பார்க்க மனசு வலிக்கிறது.

#7 · மூன்றடைப்பு விவசாயி

எதிர்த்திசை பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். நான்கு வழிச்சாலை வந்தபோது எங்கள் தோட்டம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் ஆகிவிட்டது. உர மூட்டையோ வாழைத்தாரோ பைக்கில் வைத்துக்கொண்டு கண்ணுக்கு எதிரே தெரிகிற இடத்துக்குப் போக, எங்கோ தள்ளிப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு நடை போகிறவனுக்கு பெட்ரோல் யார் கொடுப்பது? ஓரமாக, மெதுவாகத்தான் வருகிறோம். எங்களையும் குடித்துவிட்டு ஓட்டுகிறவனையும் ஒரே பட்டியலில் வைப்பது எப்படிச் சரி?

#8 · 108 ஓட்டுநர்

அண்ணாச்சி, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். எனக்கும் நாங்குநேரிப் பக்கம்தான். ஆனால் அந்த ஓரத்தில் ராத்திரி என்ன நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் ஓரமாகத்தான் வருகிறீர்கள். ஓரத்தில் ஒரு லாரி நிற்கும். டயர் மாற்றவோ, டீ குடிக்கவோ, தூங்கவோ நிறுத்தியிருப்பார்கள். பின் விளக்கு எரியாது, முக்கோண ரிஃப்ளெக்டரும் வைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் அந்த லாரியைச் சுற்றிக்கொண்டுதான் போயாக வேண்டும், அதற்கு உள்ளே வந்தாக வேண்டும். அந்த ஒரு லாரி நீளத்துக்கு நீங்கள் ஓரத்தில் இல்லை, ஓடுகிற பாதையில் இருக்கிறீர்கள். எதிரே வருகிற கார்க்காரன் கண்ணுக்கு லாரி தெரியும், அதன் பின்னால் இருக்கிற நீங்கள் தெரியமாட்டீர்கள். ஒற்றை விளக்கு திடீரென்று வெளியே வரும்போது, நடுவில் அரளிச் செடிக்கு அந்தப் பக்கம் போகிற வண்டி விளக்கு என்றுதான் அவன் நினைப்பான். நாலு வழிச்சாலையில் தனக்கு நேரே ஒரு வண்டி வரும் என்று எவனும் எதிர்பார்ப்பதில்லை. இல்லை, இது நம்ம பக்கம்தான் என்று புரிவதற்குள் தூரம் முடிந்துவிடும்.

நீங்கள் 20-ல் வந்தாலும் அவன் 90-ல் வருகிறான். ரெண்டும் சேர்ந்துதான் இடிக்கும். ஒரே திசையில் போய் இடிபட்டவர்களை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் பேச்சு மூச்சோடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். நேருக்கு நேர் என்றால் பெரும்பாலும் பெயரைக் கேட்கக்கூட முடியாது.

#9 · கே.டி.சி. நகர் டிரைவிங் ஸ்கூல்

108 தம்பி எழுதியதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் மூன்றடைப்பு அண்ணாச்சி கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். எதிர்த்திசையை 184-ல் வைத்தது சரி என்பதுதான் என் கருத்து. ஹெல்மெட் போடாதவன் பெரும்பாலும் தன்னைத்தான் கெடுத்துக்கொள்கிறான். எதிரே வருகிறவன், விதிப்படி வருகிற இன்னொருவனை, அவன் குடும்பத்தையும் சேர்த்து, இழுத்துப்போடுகிறான். என்னிடம் கேட்டால் அந்த எட்டு எண்ணில் குடிக்கு அடுத்து இதைத்தான் வைப்பேன்.

சுற்றிப் போக வேண்டிய கொடுமை இருக்கிறதே, அதற்கு வேறு வழியில் சண்டை போட வேண்டும். கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஊர் மொத்தமும் கையெழுத்துப் போட்டு சர்வீஸ் ரோடு, சப்வே கேட்டு மனு கொடுங்கள். எந்த இடத்தில், யார் யார், எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று எழுதுங்கள். விபத்து நடந்த இடங்களையும் போலீஸ் வழக்கு எண்ணோடு சேர்த்துக் கொடுத்தால் அதைத் தள்ளி வைப்பது கஷ்டம். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன்.

#10 · தாழையூத்து லாரி

ஓரத்தில் நிற்கிற லாரி பற்றி 108 தம்பி சொன்னது முழுக்க உண்மை. லாரிக்காரனாக இருந்தே சொல்கிறேன். மூவிங், நான்-மூவிங் என்று பிரிப்பதில் எனக்குப் பிடிக்காதது இதுதான். நிற்கிற வண்டி என்றால் பார்க்கிங் தப்பு, சின்னத் தப்பு என்றாகிவிடுகிறது. டவுன் ரத வீதியில் கடை வாசலில் பைக் நிறுத்துவதும், கங்கைகொண்டான் பக்கம் ராத்திரி ரெண்டு மணிக்கு விளக்கு இல்லாமல் லாரி நிறுத்துவதும் ஒன்றா? ஒன்றில் நடக்க இடம் இல்லை, இன்னொன்றில் ஆள் சாகிறான்.

என் வண்டிகளில் ரிஃப்ளெக்டர் முக்கோணம் ரெண்டு, ஒரு பேட்டரி விளக்கு இல்லாமல் ஷெட்டை விட்டு வெளியே விடுவதில்லை. பஞ்சர் ஆனாலும் முதலில் முக்கோணம், பிறகுதான் ஜாக்கி.

#11 · பாளை கோர்ட் பக்கம்

வக்கீலாக ரெண்டு மூணு விஷயம் சேர்க்கிறேன்.

லாரி அண்ணாச்சி சொன்ன கவலை சட்டத்துக்கும் உண்டு. மற்றவருக்கு ஆபத்தாக வண்டியை நிறுத்தக் கூடாது என்று 122-வது பிரிவு தனியாகவே சொல்கிறது. சலானில் அது 500 ரூபாய் தப்பாக முடியலாம். ஆனால் அதில் ஒருவர் மோதி இறந்துவிட்டால் கதை அங்கே முடியாது. பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-ல் அஜாக்கிரதையால் மரணம் என்று வழக்கு வரலாம். ஐந்து வருடம் வரை சிறை. ஓடின வண்டி, நின்ற வண்டி என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை.

அடுத்து, பாளை அண்ணாச்சியின் கேள்வி. வண்டி உங்கள் பெயர், ஓட்டியது மருமகன். லைசென்ஸ் நடவடிக்கை ஓட்டியவர் மேல்தான் வர முடியும். ஆனால் கேமராவுக்குத் தெரிவது நம்பர் பிளேட், அதனால் நோட்டீஸ் உரிமையாளருக்கு வரும். யார் ஓட்டியது என்று கேட்டால் உரிமையாளர் பெயரும் லைசென்ஸ் விவரமும் சொல்லியாக வேண்டும் என்று 133-வது பிரிவு இருக்கிறது. கேமராவில் பதிவான குற்றம் என்றால், நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021-ல் வந்த 167ஏ விதி சொல்கிறது. சலானில் உள்ள தேதியையும் நோட்டீஸ் வந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். நம்பர் ஒரு எழுத்து மாறி அடுத்தவர் சலான் வந்து நிற்பதும் உண்டு.

நேரில் பிடித்து லைசென்ஸை வாங்கிவிட்டால் ஒரு விஷயம் மிக முக்கியம். வேறு காரணத்துக்காக லைசென்ஸை வாங்கினால் கொடுக்கிற ரசீதை வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஆனால் 206(4)-ல் வாங்கினால் கொடுக்கிற ரசீதை வைத்து ஓட்டக் கூடாது, லைசென்ஸ் திரும்பி வருகிற வரை. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ரசீதுதான் இருக்கிறதே என்று வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

#12 · பாளை பெருமாள்புரம்

தம்பி, மூன்று மாதம் முடக்கினால் அவன் பாட்டுக்கு ஓட்டினால் என்ன ஆகும்? வேலைக்கு கங்கைகொண்டான் சிப்காட் வரை போகிறவன். பஸ்ஸில் போகச் சொன்னால் கேட்பானா என்று தெரியவில்லை.

#13 · பாளை கோர்ட் பக்கம்

கேட்க வைக்க வேண்டும் அண்ணாச்சி. தகுதியிழந்த காலத்தில் ஓட்டினால் 182-வது பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது ரெண்டும். அதைவிடப் பெரியது இன்சூரன்ஸ். தகுதியிழந்தவர் ஓட்டி விபத்து என்றால் கம்பெனி கையைக் கழுவ சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அடிபட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுத்தாலும், பிறகு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூல் செய்யும்படி தீர்ப்பு வரலாம். உரிமையாளர் என்றால் நீங்கள். மூன்று மாதமும் வண்டிச் சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.

#14 · பேட்டை அம்மா

எனக்கு ஒரு சந்தேகம். மகன் பிளஸ் டூ. ட்யூஷனுக்கு ஸ்கூட்டி கேட்டு நச்சரிக்கிறான். 18 ஆகவில்லை. அவனுக்கு லைசென்ஸே இல்லையே, எதை முடக்குவார்கள் என்று அவனே கேட்கிறான்.

#15 · கே.டி.சி. நகர் டிரைவிங் ஸ்கூல்

அக்கா, தயவுசெய்து கொடுக்காதீர்கள். 199ஏ என்று ஒரு பிரிவு. சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. முடக்க ஒன்றும் இல்லை என்று நினைக்கிறானே, அவனுடைய ஏழு வருடம் இருக்கிறது. காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் வண்டி ஓட்ட முடியாது. அவனிடம் இதைச் சொல்லுங்கள். 18 ஆனதும் என்னிடம் அனுப்புங்கள்.

#16 · அம்பை – எடிசன்

பாளை அண்ணாச்சி, தம்பி டிக்கெட் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. ஆன்லைனில் காசு கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. 2 பாயின்ட் ஏறிவிடும். அதனால் உடனே கட்ட வேண்டாம். டிக்கெட்டில் போட்டிருக்கிற தேதிக்குள் குற்றத்தை மறுத்து முனிசிபல் கோர்ட்டுக்குத் தெரிவித்தால், அரசு வக்கீலோடு பேச வாய்ப்பு கிடைக்கும். அன்சேஃப் டிரைவிங் என்று ஒரு குற்றம் இங்கே உண்டு. முதல் ரெண்டு தடவைக்கு அதில் பாயின்ட் கிடையாது, ஆனால் ஃபைன் போக 250 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்குள் மூன்றாவது தடவை என்றால் 4 பாயின்ட். பலரும் ஸ்டாப் போர்டு கேஸை அப்படி மாற்றிக்கொள்கிறார்கள்.

இதற்கு முன்னால் அவர் பெயரில் ஒன்றும் இல்லையென்றால் 2 பாயின்ட்டை ஏற்றுக்கொண்டு, ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டிக் கழித்துக்கொள்வதும் மோசமில்லை. 250 டாலர் மிச்சம். இன்சூரன்ஸ் எவ்வளவு ஏறும் என்று கேட்டுக்கொண்டு, எது லாபம் என்று அவரே பார்க்கட்டும். எதைச் செய்தாலும் டிக்கெட்டை மறந்துவிடக் கூடாது. கோர்ட் தேதிக்குப் பதில் சொல்லாமல் விட்டால் லைசென்ஸை நிறுத்துவார்கள், வாரண்ட்டும் வரலாம். ரெண்டு பாயின்ட் விஷயத்தை அவ்வளவு பெரிதாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஸ்டாப் போர்டில் எப்படி நிற்பது என்றும் சொல்கிறேன், ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. ஸ்பீடாமீட்டர் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வண்டி நின்றதும் மூக்கு லேசாகக் கீழே அழுந்தி, திரும்ப மேலே வரும். அந்த ஆட்டம் முடிந்தால்தான் முழுசாக நின்றிருக்கிறது. பிறகு இடது, வலது, மறுபடி இடது பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்கத்தான் வேண்டும்.

#17 · தாழையூத்து லாரி

வக்கீல் தம்பி, ஒரு கடைசிக் கேள்வி. ஆர்டிஓ முடக்கிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாதா? எங்கள் டிரைவர்களுக்கு லைசென்ஸ்தான் சோறு. ஒருத்தனுக்கு 183-ல் போட்டிருக்கிறார்கள், அவன் அந்த நாளில் ரூட்டிலேயே இல்லை என்கிறான். ஷெட் ரெஜிஸ்டரிலும் வண்டியை வேறு ஆள் எடுத்ததாகத்தான் இருக்கிறது.

#18 · பாளை கோர்ட் பக்கம்

செய்யலாம் அண்ணாச்சி. 19-வது பிரிவுப்படி லைசென்ஸை முடக்குவது ஆர்டிஓ, போலீஸ் இல்லை. முடக்குவதற்கு முன்னால் அவர் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பழைய முகவரிக்குப் போய், வாங்க ஆளில்லாமல் திரும்பி, பதில் இல்லை என்று ஆர்டர் ஆகிவிடுவதுதான் டிரைவர்களுக்கு அதிகம் நடக்கிறது. முதலில் லைசென்ஸில் முகவரி, போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கடிதம் வந்தால் எழுத்தில் பதில் கொடுங்கள். ஷெட் ரெஜிஸ்டர் நகல், அன்றைக்கு வண்டியை எடுத்தவரின் பெயர், டிரிப் ஷீட், டோல் ரசீது எல்லாம் சேர்த்து, நேரில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையாளர் என்ற முறையில் நீங்களும் தனியாக ஒரு கடிதம் கொடுக்கலாம், 133-வது பிரிவைக் குறிப்பிட்டு. அதையும் மீறி ஆர்டர் வந்தால், கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உறையைத் தூக்கிப் போடாமல், வாங்கின தேதியை அதன் மேலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவருடைய கடிதத்தைக் கொண்டு வந்தால் நான் பார்த்துச் சொல்கிறேன்.